எந்த வருஷத்துப் படம்?



யாருடைய நினைவுக்காக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழரின் படம் எனக்குப் பின்னால் மாட்டப்பட்டிருக்கிறது. மறைந்த தேதி சரியாக இருக்கிறது. அன்று நம்மில் பலர் உடனிருந்தோம். தோற்றம் என்ற இடத்தில் ஜூன் 1 என்று போட்டிருக்கிறது. உங்களில் எத்தனை பேருடைய சான்றிதழில் ஜூன் 1 என்று இருக்கிறது, கை தூக்குங்கள் என்றால் பாதிப்பேர் தூக்குவீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் போட்ட தேதி அது. அந்த ஜூன் 1 இந்தப் பேச்சில் இன்னொரு முறை வரும்.

நான் இன்று பேச வந்தது தேதி இல்லாத படங்களைப் பற்றி. நம்முடைய படங்கள், நம்மைப் பிறர் எடுத்த படங்கள், நம் தலைவர்களின் படங்கள். ஒரு படம் எந்த வருஷம் எடுத்தது என்று கண்டுபிடிப்பது அருங்காட்சியகத்துக்காரர்கள் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நினைப்பை மாற்றியது ஒரு நிலத் தகராறு.

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையில் ஒரு காலனி. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, மனு நிலுவையில் இருக்கிறது. காலனியின் கிழக்கு ஓரத்தில் புறம்போக்கில் ஒரு வாசகசாலை இருந்தது. கூரை விழுந்து, சுவர் கரைந்து, இப்போது மேடு மட்டும் இருக்கிறது. பக்கத்து பனியன் கம்பெனி மதில் கட்டும்போது அந்த மேட்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தது. அங்கே எப்போதும் எதுவும் இருந்ததில்லை, காலனியே பிற்பாடு வந்ததுதான் என்றார்கள். எங்களிடம் இருந்த ஒரே சான்று ஒரு படம். சென்டு சோப்புப் பெட்டிக்குள் ஒரு அம்மா பத்திரமாக வைத்திருந்த, உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம். ஓலைக் கூரைக்கு முன்னால் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். பத்து ஆண், இரண்டு பெண். நடுவில் நாற்காலியில் மாலை போட்ட அம்பேத்கர் படம். தலைகளுக்கு மேலே பாதி மறைந்த ஒரு போர்டு.

"பாபாசாகேப் செத்ததுக்குக் கூடினது கண்ணு. எங்கம்மா சொல்லிச்சு" என்றார் அவர். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. 1956 டிசம்பர் 6 என்று எழுதி, பெரிதாக்கி, மனுவோடு இணைத்துக் கொடுத்தோம். விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் படத்தைத் திருப்பினார். பின்னால் ஸ்டுடியோ முத்திரை. முகவரியின் கடைசியில் 641 என்று தொடங்கும் ஆறு இலக்கம். "பின்கோடு நம் நாட்டில் வந்ததே 1972 ஆகஸ்ட் 15. இவர்கள் 1956 என்கிறார்கள்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் எங்கள் பக்கத்தில் யார் என்ன சொன்னாலும் அதிகாரி காதில் ஏறவில்லை. ஒரு தேதியில் பொய் சொன்னவர்கள் எல்லாவற்றிலும் பொய் சொல்வார்கள் என்று ஆகிவிட்டது. ஆத்திரத்தோடு திரும்பி வந்தோம். ஆனால் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் போனது நாங்கள்தானே.

அந்தப் படத்தின் வருஷத்தைப் பிறகு எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொல்கிறேன். அதற்கு முன், நம் மக்களின் படங்களில் ஏன் தேதி இருப்பதில்லை என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சமூகவியல் முதுகலை படித்தபோது எட்கர் தர்ஸ்டன் நூலைப் புரட்டாத மாணவர் கிடையாது. 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்', ரங்காச்சாரியின் உதவியோடு எழுதியது, ஏழு தொகுதி, 1909. தர்ஸ்டன் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். வயநாட்டுப் பணியர் பெண்கள் தங்களைப் பிடித்துக்கொண்டு போய்ப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்கள் என அவரே வேடிக்கைபோல எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெண்களுக்கு இருந்த புத்தி எங்கள் வகுப்பில் யாருக்கும் இல்லை. நாங்கள் அந்தப் படங்களைக் குறிப்பேட்டில் ஒட்டித் தேர்வெழுதினோம்.

அந்தத் தொகுதிகளில் நம்மவர் படங்களுக்குக் கீழே என்ன இருக்கிறது? சாதிப்பெயர் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது, ஊர் அபூர்வம், வருஷம் இருக்காது. அதே காலத்தில் அதே சென்னையில் ஒரு ஜமீன்தார் படமெடுத்தால் பெயர், பட்டம், ஸ்டுடியோ பெயர் எல்லாம் அட்டையில் அச்சாகியிருக்கும். அவர் ஒரு நாளில், ஒரு வயதில், ஒரு காரியத்துக்காகப் படம் எடுத்துக்கொண்டவர். நம்மவர் எந்த நாளிலும் இல்லாதவர். "பறையன் இப்படி இருப்பான்" என்பதற்கு ஒரு மாதிரி. தேதி போட்டால் அந்த ஆள் நேற்று ஒரு மாதிரி இருந்தார், நாளை வேறு மாதிரி ஆவார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். தேதியை எடுத்துவிட்டால் என்றைக்கும் அப்படியேதான். மறதியால் விடுபட்டது என்று நான் நினைக்கவில்லை. அந்தப் படங்களின் வேலையே அதுதான்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. பல கட்டுரைகளில் தர்ஸ்டன் நூல் படங்களுக்கு "1909" என்று எழுதுகிறோம். 1909 நூல் அச்சான வருஷம். தர்ஸ்டன் 1885இல் பதவிக்கு வந்தவர். 1890களிலிருந்தே அளந்தும் படமெடுத்தும் வெளியிட்டும் வந்தவர். ஆகவே நூலின் வருஷம் "இதற்குப் பிறகு எடுத்ததல்ல" என்பதை மட்டும்தான் சொல்லும். நீலகிரிப் பழங்குடிகள் பற்றிய பிரீக்ஸின் நூலில் 1873 என்று இருக்கும். பிரீக்ஸ் 1872இலேயே இறந்துவிட்டார். நூலின் தேதியைப் படத்தின் தேதியாக எடுத்தால் செத்தவர் எழுந்து வந்து வேலை பார்த்ததாக ஆகும்.

அடுத்தது தாது வருஷப் பஞ்சம். நம் பாட்டிமார் வாயில் இருக்கும் பஞ்சம் அது. கொங்கு நாட்டையும் கடுமையாகத் தாக்கியது. தாது என்பது அறுபது வருஷ வட்டத்தில் பத்தாவது. 1876-77இல் வந்தது, மறுபடி 1936-37, மறுபடி 1996-97. பஞ்சம் என்ற சொல்லோடு சேர்ந்து வரும்போது குழப்பமில்லை. தனியாக "தாது வருஷம்" என்று ஒரு பத்திரத்திலோ படத்தின் பின்னாலோ பார்த்தால் அறுபது வருஷம் தப்பாகப் போக வாய்ப்பிருக்கிறது.

அந்தப் பஞ்சத்தின் முகமாக இன்று உலகம் பார்ப்பது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்களை. எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்தவை. (இதே ஹூப்பர் 1886இல் பர்மாவில் மரண தண்டனை நிறைவேற்றும் கணத்தைப் படம் பிடிக்க முயன்று, அது லண்டன் நாடாளுமன்றம் வரை பேச்சானது.) இந்தப் படங்கள் இணையத்தில் "1943 வங்கப் பஞ்சம்" என்ற பெயரில் சுற்றுகின்றன. நம் தோழர்களும் பகிர்கிறார்கள். அறுபத்தைந்து வருஷமும் ஆயிரம் மைலும் தப்பு. சர்ச்சிலைக் குற்றம் சாட்ட நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அதற்கு நம் சேலத்து, பெல்லாரிக் காலத்து முகங்களைக் கடன் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்தால் இரண்டு பஞ்சத்துக்கும் சாட்சி போய்விடும்.

சரியான பெயர் போட்டவர்களும் "1876-78" என்று மூன்று வருஷத்தை மொத்தமாக எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது என்பேன். ஏனென்றால் அந்த மூன்று வருஷத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் மெட்ராஸ் வந்தார். நிவாரண வேலையில் இருந்தவர்களின் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் மேலே கொஞ்சம் சில்லறையும் என்று குறைத்தார். மெட்ராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உழைக்கிற உடம்பைக் கொல்லும் என்று எதிர்த்தார். சில மாதங்களில் கூலியைத் திரும்ப உயர்த்த வேண்டி வந்தது. ஒரு படம் அந்த மாதங்களுக்கு முந்தியதா, அந்த மாதங்களிலேயே எடுத்ததா என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. முந்தியது என்றால் மழை பொய்த்ததைக் காட்டுகிறது. அந்த மாதங்களில் எடுத்தது என்றால் அது ஒரு அரசாணையின் விளைவைக் காட்டுகிறது. மாதம் தெரியாத வரைக்கும் அது வெறும் பரிதாபம். நிவாரண முகாமில் கல் உடைத்தவர்கள் யார், நிலமில்லாதவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை பிறர் செய்த தப்பைச் சொன்னேன். இனி நாம் செய்வது.

ஏப்ரல் 14 வந்தால் திருப்பூரில் காதர்பேட்டை முதல் பல்லடம் ரோடு வரை பிளெக்ஸ். அவற்றில் ஒன்று, பட்டமளிப்பு அங்கியில் அம்பேத்கர் நிற்பது. "1916, கொலம்பியா, முனைவர் பட்டம்" என்று எழுதியிருப்பார்கள். 1916இல் அவருக்கு 25 வயது. படத்தில் இருப்பவர் கனத்த உடம்போடு நரைத்த தலையோடு அறுபதைத் தொட்டவர். கொலம்பியா அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது 1952 ஜூன் 5, உஸ்மானியா கொடுத்தது 1953 ஜனவரி. அங்கிப் படம் ஒன்றைப் பார்த்தால் இவற்றில் எது என்றுதான் கேட்க வேண்டும். 1916 என்று எழுதுகிற பையனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த ஒரு எழுத்தில், பட்டம் வாங்கிய பிறகு பரோடாவில் தங்க இடமில்லாமல் அலைந்தது, மகத் குளம், வட்டமேசை, அரசியல் சட்டம், இந்து சட்ட மசோதாவுக்காக அமைச்சர் பதவியை விட்டது, எல்லாம் அந்த முகத்தைவிட்டுத் துடைக்கப்படுகிறது.

குடும்பப் படம் ஒன்றும் உண்டு. ராஜகிருகத்தில் ரமாபாய், மகன் யஷ்வந்த், அண்ணி லட்சுமிபாய், அண்ணன் மகன், காலடியில் நாய். ரமாபாய் 1935 மே 27 அன்று காலமானார். அவர் உயிரோடு நிற்கும் எந்தப் படமும் அதற்கு முந்தியதுதான். வேறு சான்று தேவையில்லை. அதேபோல சவிதா அம்மையார் மனைவியாக உடன் இருந்தால் 1948 ஏப்ரல் 15க்குப் பிந்தியது. குடும்பத்தில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதைப் போல உறுதியான நாட்காட்டி கிடையாது. உங்கள் வீட்டுப் படத்துக்கும் இதே முறைதான்.

வட்டமேசை மாநாட்டு விஷயம் இன்னும் கனமானது. அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் முதல் மாநாட்டுக்கும் போனார்கள், இரண்டாவதுக்கும் போனார்கள். முதலாவது 1930 நவம்பர் 12இல் தொடங்கியது. காங்கிரஸ் வரவில்லை. இரண்டாவது 1931 செப்டம்பர் 7. அதற்கு காந்தி வந்தார். மூன்றாவதுக்கு காந்தி வரவில்லை. ஆகவே லண்டன் மாநாட்டு மேசையில் காந்தி உட்கார்ந்திருக்கும் படம் 1931. கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ஆனால் அந்தப் படத்தின் கீழேயே "1930" என்று நம் மலர்களில் அச்சாகிறது.

ஒரு வருஷம்தானே என்று கேட்கக் கூடாது. முதல் மாநாட்டில் இருவரும் சேர்ந்து கொடுத்த அறிக்கையில் கேட்டது வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு, பத்து வருஷத்துக்குத் தனித்தொகுதி, பிறகு இடஒதுக்கீட்டோடு கூட்டுத்தொகுதி. இரண்டாவது மாநாட்டில் கொடுத்த துணை அறிக்கையில் கை இறுகியிருக்கிறது. தனித்தொகுதியை மாற்றுவதானால் நம் மக்களிடமே பொதுவாக்கெடுப்பு நடத்தி மாற்ற வேண்டும், அதுவும் இருபது வருஷம் போன பிறகுதான், எல்லோருக்கும் ஓட்டு வந்த பிறகுதான். பத்து இருபதானது எங்கே? காந்தி எதிரே உட்கார்ந்து, தீண்டப்படாதவர்களுக்கும் நானே பிரதிநிதி என்று உரிமை கொண்டாடிய அறையில். படத்தின் வருஷத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அந்த இறுக்கத்துக்குக் காரணம் தெரியாமல் போகும். 1932 செப்டம்பர் பூனா ஒப்பந்தம் ஏதோ திடீரென்று வந்ததுபோலத் தோன்றும்.

சீனிவாசனின் படங்களில் கீழே எழுதியிருக்கும் பட்டத்தையும் கவனியுங்கள். ராவ் சாகிப் 1926, ராவ் பகதூர் 1930, திவான் பகதூர் 1936. லண்டன் படத்தின் கீழே "திவான் பகதூர்" என்று இருந்தால் படம் பொய்யல்ல; கீழே எழுதியது 1936க்குப் பிறகு. படத்துக்கு ஒரு வயது, அதன்மேல் எழுதிய எழுத்துக்கு வேறு வயது. பின்கோடு விஷயத்தில் எங்களைக் கவிழ்த்ததும் இதுதான், பிறகு காப்பாற்றியதும் இதுதான்.

எழுத்து என்றதும் இன்னொன்று. படத்துக்குள் தெரியும் போர்டு, கொடி, சுவரெழுத்து, இவற்றைப்போல நமக்கு உதவுவது வேறில்லை. நம்மை அழைத்த சொற்களே தேதி சொல்லும். "பஞ்சமர் பாடசாலை" என்று போர்டு இருந்தால் பெரும்பாலும் 1922க்கு முந்திய பெயர், எம்.சி. ராஜா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பிறகு அரசு அந்த ஆண்டு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. "ஹரிஜன" என்று இருந்தால் பூனா ஒப்பந்தத்தை ஒட்டி காந்தி அந்தச் சொல்லைப் பரப்பியதற்குப் பிறகு. "பாரத ரத்னா அம்பேத்கர்" என்றால் 1990க்குப் பிறகு. அந்த விருது கொடுக்கவே அவர் செத்து 34 வருஷம் ஆனது. அருந்ததியர் என்ற பெயரை 2009 உள்ஒதுக்கீட்டோடு வந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1920களில் எல்.சி. குருசாமி சென்னையில் அந்தப் பெயரில்தான் இயக்கம் நடத்தினார். ஆகவே அந்தச் சொல் மட்டும் இருந்தால் தேதி கிடைக்காது.

எழுத்தின் வடிவமும் பேசும். லை, னை எழுத்துகளை யானைத் துதிக்கை போட்டு எழுதிய பழைய வடிவம் 1978 அரசாணையோடு பாடநூலிலிருந்து போனது. ஆனால் பெயிண்டருக்கு அரசாணை தெரியாது. எண்பதுகளிலும் துதிக்கை போட்டவர்கள் உண்டு. மறுபக்கம், பெரியார் 1935லேயே குடி அரசில் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஆகவே புது எழுத்தில் போர்டு இருந்தால் 1978க்குப் பின் என்று முடிவுகட்டக் கூடாது. எழுதியது சுயமரியாதைக்காரர் கை என்றும் இருக்கலாம். ஈரோடு பக்கத்தில் இருக்கும் நமக்கு இது ரொம்ப முக்கியம்.

இன்னும் சில, வேகமாகச் சொல்கிறேன். "மதராஸ் மாநிலம்" என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியது. விலைப்பலகையில் நயா பைசா இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து பிலிமில் எடுத்தது என்று நெகட்டிவ் கிடைத்தால் 1967க்கு முன்னால் போக முடியாது. பனியன் தொழிலாளர்களின் ஊர்வலப் படம் எது கிடைத்தாலும் "1984, 127 நாள் வேலைநிறுத்தம்" என்று எழுதிவிடுகிறோம். பெயர்பெற்ற வருஷத்துக்கு எல்லாப் படத்தையும் இழுக்கும் குணம் உண்டு. அப்படி எழுதிய ஒரு படத்தின் ஓரத்தில் நின்ற வேனின் நம்பர் டி.என். 39 என்று தொடங்கியது. அந்த முறையில் நம்பர் வந்தது 1989இல். இன்னொன்றில் முன்வரிசைப் பையன் போட்டிருந்தது இங்கிலீஷ் வாசகத்தோடு எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் டிசர்ட். அதில் அச்சாகியிருந்த வருஷத்தை லென்ஸ் வைத்துப் படித்தோம்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகவே சொல்ல வேண்டும். படங்களுக்குத் தேதி கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் வெளிநாட்டுப் புத்தகங்களில் முதல் பாடமே உடை. காலர் இப்படி இருந்தால் இந்தப் பத்தாண்டு, கை இப்படி இருந்தால் அந்தப் பத்தாண்டு. காசிருந்தால் விரும்பியதைப் போட்டுக்கொள்ளலாம் என்ற ஊரில் எழுதிய பாடம் அது. கொங்கில் ஆண்டை முன்னால் சட்டை போடக் கூடாது, செருப்பைக் கையில் எடுக்க வேண்டும், தோளில் கிடக்கும் துண்டை இறக்கி இடுப்பில் கட்ட வேண்டும் என்று இருந்தது. ஆகவே நம்மவர் ஒருவர் மேல்துணி இல்லாமல் நிற்கும் படத்தைப் பார்த்து "ரொம்பப் பழசு" என்று சொன்னால் தப்பு. அது 1970களில் தோட்டத்துக் களத்தில் எடுத்ததாக இருக்கலாம். அதே ஆள் அதே வாரத்தில் டவுன் ஸ்டுடியோவுக்குப் போய் வாடகைக் கோட்டும் கைக்கடிகாரமுமாக எடுத்த படம் "நவீனமாக" இருக்கும். நம் மக்களின் உடை முதலில் சொல்வது வருஷத்தை அல்ல. எந்த இடத்தில், யார் கண் முன்னால் நின்றார்கள் என்பதை. மின்கம்பமும் அப்படித்தான். பைக்காரா மின்சாரம் 1930களில் கோவைப் பக்கம் வந்தது. ஊருக்கு வந்த கம்பி வளவுக்கு வர எத்தனை வருஷம் ஆனது என்று உங்கள் பெரியவர்களைக் கேளுங்கள்.

இனி அந்த வாசகசாலைப் படத்துக்கு வருகிறேன்.

முதலில் பின்கோடு. படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். குறுக்கே ஒரு மடிப்புக் கோடு தெரிகிறது. விரலால் தடவினால் தட்டவில்லை, தாள் வழவழவென்று இருக்கிறது. அதாவது மடிந்தது இந்தத் தாள் அல்ல. மடிந்துபோன வேறொரு படத்தை வைத்து மறுபடி எடுத்த நகல் இது. நான்கு மூலையிலும் மூலப்படத்தைப் பலகையில் குத்திய ஊசியின் நிழல். பழைய ஸ்டுடியோ ஆள் ஒருவரிடம் காட்டினோம். "காப்பிங்குங்க. செத்தவங்க படத்தையெல்லாம் கொண்டாந்து பெருசு பண்ணச் சொல்லுவாங்க, தினமும் நாலு பண்ணுவோம்" என்றார். ஆக 1972க்குப் பிந்தியது நகல். மூலம் அதற்கு முன்பே மடிந்து பழசாகும் அளவுக்கு வயதானது. எதிர்த்தரப்பின் தேதி போயிற்று.

அடுத்து எங்கள் தேதி. தலைகளுக்கு மேல் போர்டில் ஒரு வரி பாதி மறைந்து "குடியரசு" என்று மட்டும் தெரிந்தது. எங்களில் ஒரு தம்பி துள்ளிக் குதித்தார்: பெரியாரின் குடி அரசு, அப்படியானால் 1930கள், இன்னும் பழசு! ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் அடுத்து ஒரு "க்", அதற்கடுத்து ஒருவர் தலைப்பாகைக்கு மேல் "ட்சி"யின் கொம்பு. குடியரசுக் கட்சி. அம்பேத்கர் திட்டமிட்டு, அவர் மறைந்த பிறகு 1957 அக்டோபர் 3 அன்று தொடங்கிய இந்தியக் குடியரசுக் கட்சி. 1956 டிசம்பரில் அந்தப் பெயரில் போர்டு இருக்க வழியே இல்லை. எங்கள் தேதியும் போயிற்று. வக்கீல் பின்பக்கத்தோடு நிற்காமல் முன்பக்கத்தையும் படித்திருந்தால் அன்றே எங்களை முடித்திருப்பார்.

மேல் எல்லை குழந்தையிடமிருந்து கிடைத்தது. இரண்டு பெண்களில் ஒருவர் இடுப்பில் பாவாடை கட்டிய குழந்தை. அதுதான் படத்தை வைத்திருந்த அம்மா; தலைச்சன் பிள்ளை, அடுத்துப் பிறந்தது தம்பி. அவருடைய பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1.6.1957. சொன்னேனே, அந்த ஜூன் 1. அதை நம்பியிருந்தால் கணக்கு தப்பியிருக்கும். 1962 ஜூனில் சேர்த்தபோது ஐந்து வயது முடிந்ததாகக் காட்ட வாத்தியார் பின்னோக்கிப் போட்ட தேதி அது. காமராஜர் மதிய உணவு போட ஆரம்பித்திருந்த காலம்; பள்ளியில் விட்டால் ஒரு வேளைச் சோறு என்று நான்கு வயது நிரம்பாததையும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவருடைய அம்மா சொல்லிவைத்திருந்த கணக்கு வேறு: "விளம்பி வருஷம், ஆடி". விளம்பி 1958-59. ஆடி என்றால் 1958 ஜூலை, ஆகஸ்ட். காலனியில் பிள்ளை வளர்த்த மூன்று பெரிய பெண்களிடம் படத்தைக் காட்டி, குழந்தைக்கு என்ன வயசு இருக்கும் என்று தனித்தனியாகக் கேட்டோம். மூவரும் ஒன்றுக்குக் குறையாது, இரண்டைத் தாண்டாது என்றார்கள். 1959 ஆடியிலிருந்து 1960 ஆடிக்குள். மாலை போட்ட படமும், "செத்ததுக்குக் கூடினது" என்ற வார்த்தையும் சேர்ந்தால் 1959 டிசம்பர் 6, மூன்றாம் நினைவு நாள். ஏப்ரல் 14ஆகவும் இருக்கலாம் என்பதால் "1959-60" என்று எழுதினோம். அந்த அம்மாவின் அம்மா நிகழ்ச்சியைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வருஷத்தை அவர் சொல்லவே இல்லை. 1956 என்று ஒட்டியது நாங்கள்.

இடம்? பின்னால் கிணற்றுக் கல்தூண் இரண்டு தெரிகிறது. இரண்டும் இன்றும் அதே இடத்தில் நிற்கின்றன. படத்தில் இருக்கும் கோணத்தில் அவை தெரிய வேண்டுமானால் மதில்காரர்கள் கேட்கும் மேட்டில்தான் வாசகசாலை இருந்திருக்க வேண்டும். அளந்து வரைந்து, நகல் எது மூலம் எது என்று நாங்களே முதல் பக்கத்தில் எழுதி, முந்தைய மனுவில் சொன்ன 1956 தவறு என்பதையும் எழுதி, மறுபடி கொடுத்தோம். தவறை ஏன் நாமாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று உள்ளே பெரிய சண்டை. நான் எழுத வேண்டும் என்ற பக்கம் நின்றேன். மனு இன்னும் முடியவில்லை. மதில் வேலை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

புதுத் தேதியைச் சொன்னபோது அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப செத்தன்னைக்கு எங்க ஆளுக கூடலையா கண்ணு?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றும் கூடியிருப்பார்கள் அம்மா, அன்று படமெடுக்க ஆள் இல்லை என்றேன். பிறகு 1959-60 என்பதால் என்ன தெரிகிறது என்பதையும் சொன்னேன். தலைவர் போய் மூன்று வருஷம். பெரிய தலைவர் எவரும் படத்தில் இல்லை. கோவை ஜில்லாவின் ஒரு மூலையில், பண்ணையத்துக்குப் போய் வந்த பத்துப் பேர் ஓலைக் கூரை போட்டு, வாசகசாலை என்று துதிக்கை 'லை' போட்டு எழுதவைத்து, நாக்பூரில் பிறந்த ஒரு கட்சியின் பெயரையும் சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். செத்த அன்று கூடியிருந்தால் அது துக்கம். இது வேறு. அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கப்பன் தோள்ல துண்டு போட்டிருக்குது பாரு" என்றார். அதுவரை நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பத்து ஆண்களில் ஏழு பேர் துண்டைத் தோளில் போட்டிருக்கிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கும் படங்களை எடுங்கள். முன்பக்கத்தை மட்டும் செல்போனில் எடுத்து அனுப்பாதீர்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். சட்டத்திலிருந்து பிரிக்கும்போது அட்டையில் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். பேனாவால் எழுதாதீர்கள், மை முன்னால் ஊறும். பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில். தெரியாத வருஷத்துக்கு அழகான வருஷம் ஒன்றை எழுதிவைக்காதீர்கள். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாட்டி விளம்பி என்று சொன்னால் விளம்பி என்றே எழுதுங்கள். 1958 என்று மாற்றி எழுதிவிட்டு அவர் சொன்னதைத் தொலைக்காதீர்கள்.

அந்தப் படத்தின் பெரிய பிரதி ஒன்றை வெளியே மேசையில் வைத்திருக்கிறோம். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேரின் பெயர் கிடைத்துவிட்டது, குழந்தையோடு பத்து. மூன்று பேர் பாக்கி. நாற்காலிக்கு வலப்பக்கம் கண்ணாடி போட்டவர், பின்வரிசையில் பாதி முகம் மட்டும் தெரிபவர், இடது கோடியில் பையில் பேனா குத்தி நிற்கும் இளைஞர். அவிநாசி, சேவூர், பெருமாநல்லூர் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்கள் போகும்போது ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். பக்கத்தில் பென்சில் இருக்கிறது.